பால் கக்கும் பிள்ளை, தூங்காத தாய்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் குழுவில் மூன்று மாதக் குழந்தையின் தாய் ஒருவர், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டோம். "ராத்திரி நாலஞ்சு தடவை முழிச்சு அழுவுதுக்கா, குடிச்ச பாலைக் கக்குது. என் பால் பத்தலைன்னு டப்பா பால் கொடுக்கச் சொல்றாங்க" என்று அழுதார்.

குறை தாய்ப்பாலில் இல்லை. குழந்தையின் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் மூடி போல இருக்கும் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. அதனால் படுத்ததும் பால் எதுக்களிக்கிறது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும்.

ஒரேயடியாகப் புகட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்போம். குடித்ததும் ஏப்பம் விட வைத்து, 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடிப்போம். பிறகு சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைப்போம். தலையணை வேண்டாம், குப்புறப் போட வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம்.

பச்சையாகவோ ரத்தம் கலந்தோ கக்கினால், பீய்ச்சி அடித்தால், பால் குடிக்க மறுத்தால், எடை ஏறாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டணும்.

பால் கொடுக்கத் தாய்தான் வேணும். தோளில் போட்டுக்கொள்ள அப்பாவுக்கும் மாமியாருக்கும் தோள் இருக்கிறதே! நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினோம். இப்போது ராத்திரி பால் குடித்ததும் பிள்ளையை மாமியார் வாங்கிக்கொள்கிறார். அழுகை முழுசா நிற்கவில்லை. ஆனால் தாய் கொஞ்சம் தூங்குகிறார்.

சகோதரிகளே, கடனுக்கு மட்டும்தானா நம் குழு?