சென்னைக்கு வேலைக்கு வருபவர்கள் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் வந்தால் நம் எல்லோர் வீட்டுக்கும் ஊரிலிருந்து போன் வரும். "தம்பிக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சிருக்கு, எந்த ஏரியாவுல வீடு பார்க்கலாம்?" நாம் குரோம்பேட்டையில் இருப்பதால், "இங்கேயே வந்துடச் சொல்லுங்க, ஸ்டேஷன் பக்கம், எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். சிலருக்கு அது சரி. பலருக்குச் சரியில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். வங்கியில் 34 வருடம் கிளார்க். பதவி உயர்வுக்கு எழுதினால் ஆபீசர் ஆகலாம். ஆபீசர் ஆனால் ட்ரான்ஸ்பர் வரும். அதற்காகவே எழுதாமல் இருந்தவர்கள் எங்கள் காலத்தில் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். ஆகவே ஊர் மாறிய அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனால் ஊர் மாறி வந்தவர்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புது வேலை, புதுக் கணக்கு என்று சிரித்த முகத்தோடு வருவார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதே ஆள் முகவரி மாற்ற வருவார். "அதுக்குள்ள வீடு மாத்திட்டீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், படிவம் எழுதி முடிப்பதற்குள் முழுக் கதையும் வந்துவிடும். "தண்ணி சரியில்ல", "ஸ்கூல் தூரம்", "வீட்டுக்காரிக்கு வேலை கிடைச்சுது, அது ஊருக்கு அந்தக் கோடியில", "அம்மாவுக்கு அங்க ஒத்துக்கல". வாடகை கட்டுப்படியாகவில்லை என்று சொன்னவர்கள் குறைவு. வீடு தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது வாடகையைத்தான், காலி செய்ய வைப்பது வேறு ஏதோ.

முதலில், தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். எந்தத் தடத்தில் போகப் போகிறோம் என்று பாருங்கள். நம் ஸ்டேஷனிலிருந்து கிண்டி எவ்வளவு தூரம், சோழிங்கநல்லூர் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கிண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது. சோழிங்கநல்லூருக்குப் பல்லாவரம் ரேடியல் சாலையிலோ மேடவாக்கம் வழியாகவோதான் போக வேண்டும். காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஊரிலிருந்து போன் வந்தால், ஆபீஸ் எங்கே என்று முதலில் கேளுங்கள். "ஓ.எம்.ஆர்." என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். தரமணியும் ஓ.எம்.ஆர்.தான், சிறுசேரியும் ஓ.எம்.ஆர்.தான். தரமணிக்கும் திருவான்மியூர் டைடல் பார்க்குக்கும் பறக்கும் ரயில் இருக்கிறது. வேளச்சேரியிலோ மயிலாப்பூரிலோ இருந்துகொண்டு போய் வரலாம். சிறுசேரிக்கு ரயில் கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை மெட்ரோ பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரப்போகும் மெட்ரோவைச் சொல்லி இன்றே வாடகை ஏற்றுபவர்கள் உண்டு. வந்த பிறகு ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இப்போதைக்குச் சிறுசேரியில் வேலை என்றால் நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் பார்க்கச் சொல்வதுதான் நியாயம், நம் பகுதியைச் சொல்லக்கூடாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் கொரட்டூர், வில்லிவாக்கம், ஆவடி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் என்றால் கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்ட பிறகுதான் வீட்டைத் தேடவே ஆரம்பிக்க வேண்டும். மகேந்திரா சிட்டி என்றால் மட்டும் தைரியமாகக் குரோம்பேட்டைக்குக் கூப்பிடலாம். பரனூர் ஸ்டேஷன் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் கூட்டமெல்லாம் கடற்கரைப் பக்கம் போகும். இவர் செங்கல்பட்டுப் பக்கம் உட்கார்ந்து போகலாம். தினமும் உட்கார்ந்து போவதும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல, அது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தவன், கணக்கில்லாமல் பேசினால் எனக்கே திருப்தி இருக்காது. ஆபீசுக்குப் பக்கத்தில் வாடகை 18,000. தள்ளிப் போனால் 12,000 என்று வையுங்கள். மாதம் 6,000 மிச்சம். தள்ளி இருப்பதால் போக வர தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதல். 24 வேலை நாளுக்கு 36 மணி நேரம். பைக்கில் தினமும் 30 கிலோமீட்டர் கூடுதல் என்றால் மாதம் 720 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 16 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,600 போய்விட்டது. மீதி 4,400. அதை 36 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 122 ரூபாய். அந்த விலைக்குத் தன் தூக்கத்தையும் குழந்தையோடு இருக்கும் நேரத்தையும் விற்கச் சம்மதம் என்றால் தாராளமாகத் தள்ளிப் போகட்டும். கஷ்டத்தில் இருப்பவருக்கு 4,400 பெரிய தொகை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 6,000 மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது.

ரயில் இருக்கும் தடமென்றால் இந்தக் கணக்கே மாறும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஒரு தடவை ஆட்டோவில் போகிற காசில் ஒரு மாதச் சீசன் டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கதை இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தினுடையது. கணவருக்குச் சிறுசேரியில் வேலை கிடைக்கிறது. அந்தப் பக்கமே வீடு பார்க்கிறார்கள், ஏனென்றால் அப்போது கையில் இருந்தது அவருடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மட்டும்தான். நாலு மாதத்தில் மனைவிக்கு அம்பத்தூரில் வேலை கிடைக்கிறது. கணவரை அழைத்துப் போகக் கம்பெனி வண்டி வாசலுக்கு வருகிறது. மனைவி மூன்று வண்டி மாறிப் போகிறார். மாலையில் வந்து அடுப்பும் அவர்தான் பற்ற வைக்கிறார். கடைசியில் அந்த அம்மா வேலையை விடுகிறார், அல்லது இருவரும் வீட்டை மாற்றுகிறார்கள். வேலையை விட்டவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் முகவரி மாற்ற வருவதில்லையே.

கம்பெனி வண்டி உள்ளவர் தூரத்தைத் தாங்குவார், தூங்கிக்கொண்டே போவார். பஸ்ஸைப் பிடித்துப் போகிறவருக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும். மனைவி வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றால் கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலை போல மின்சார ரயிலும் மெட்ரோவும் கைக்கெட்டும் இடமாகப் பாருங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். நாளைக்கு எந்தத் திசையில் வேலை கிடைத்தாலும் போகலாம் என்பதற்குக் கொடுக்கும் விலை அது.

அடுத்தது தண்ணீர். இரண்டு தண்ணீர், ஒன்று வராத தண்ணீர், இன்னொன்று வந்து நிற்கிற தண்ணீர்.

2019 கோடை உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதனால் வீடு பார்க்கும்போது மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் மட்டுமா, லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, லாரிக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா தனியா என்று கேட்க வேண்டும். ஓனரிடம் கேட்பதைவிடச் செக்யூரிட்டியிடம் கேட்டால் உண்மை வரும். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தால் உப்பா என்று தெரிந்துவிடும்.

வந்து நிற்கிற தண்ணீருக்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னை மழைநீர் வந்து சேரும் பள்ளம் அது. ஆனால் அந்தப் பகுதிகளில் எல்லாத் தெருவும் மூழ்கவில்லை, பேர் பெற்ற நல்ல பகுதிகளில் மூழ்கிய தெருக்களும் உண்டு. ஆகவே பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் தெருவைப் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் நீர் நின்ற கோடு இருக்கிறதா? மின் மீட்டர் பெட்டியைப் பிற்பாடு உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா? சாலைமேல் சாலை போட்டு, வீட்டுக்குள் இறங்கிப் போகும்படி இருக்கிறதா? தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், "மிக்ஜாம் அப்ப வண்டியை எங்க நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன், இஸ்திரிக்காரருக்கு நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

சொந்த ஊர் எந்தத் திசை என்பதையும் கேளுங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தது. மாதம் இரண்டு முறை வயதான பெற்றோரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறவருக்கு அது இருக்கும் பக்கம் வசதி. ஆம்பூர், வேலூர்க்காரருக்கு அது பயனில்லை, அவர் பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் பார்க்கலாம்.

பண விஷயம் இரண்டு சொல்லிவிடுகிறேன். பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குத் தனி மின் இணைப்பா, சப் மீட்டரா? தனி இணைப்பென்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. சப் மீட்டரில் ஓனர் சொன்னதுதான் ரேட்.

ஒரு விஷயம் நமக்குள். ஊரிலிருந்து போன் வரும்போது நம் அண்ணன் மகன் தங்கமான பையன். நம் பிளாக்கில் வீடு கேட்டு வருகிற பையன் மட்டும் "பேச்சிலர்". கீழே நோட்டீஸ் போர்டில் "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று மூன்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அவனும் யாரோ ஒருவருடைய அண்ணன் மகன்தான். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பேசி முடித்ததும் ஏ பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "மகன் பெங்களூரிலிருந்து இங்கே மாற்றலாகி வர்றான். வாடகை கொடுக்கிறதுக்குப் பதிலா லோன் போட்டு வாங்கிடலாமே?" வாங்கட்டும், ஆனால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகையில் கழியட்டும் என்றேன். வங்கி லோன் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் சரிபார்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கம் பார்ப்பார். மதிப்பீட்டாளர் கட்டடத்தைப் பார்ப்பார். நவம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா, மருமகளுக்கு அங்கிருந்து வேலைக்குப் போக வழியுண்டா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வி கிடையாது. "அப்ப மருமகளையும் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா. ஒரு வேலை நாளில், காலை எட்டரை மணிக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன்.