விழுவதற்கு முன்னால் கேளுங்கள்



ஐராவதேசுவரர் கோயிலைப் போலவே பட்டுத்தறியாலும் பேர் பெற்ற ஊர் நம்ம தாராசுரம். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு ஆயுசெல்லாம் உழைத்த முழங்கால்கள் இந்தப் பந்தலில் எத்தனையோ! அப்பா எழுந்திருக்கும்போது பலகையைப் பிடித்து, கொஞ்சம் நிதானித்து, பிறகுதான் அடியெடுத்து வைக்கிறார். அந்த நிதானிப்பை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

"வயசாச்சு, விழுந்துட்டாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர். அதில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். இதை விதி என்று எப்படி விடுவது?

விழும் ஆபத்தை முன்கூட்டியே கண்டறியும் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். "போன வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டால் போதும். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம்! கொல்லையில் பாசி வழுக்கி விழுந்த அம்மா நம்மிடம் மூச்சுவிடமாட்டார். சொன்னால் நாளைக்குக் கோயிலுக்குப் போக விடமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அதட்டிக் கேட்கிற வீட்டில் உண்மை வராது, ஐயா.

பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். "படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற பிறகு ஒரு தடவை பாருங்கம்மா" என்று உரிமையோடு கேளுங்கள்.

இன்னொன்று, 1991இல் கனடாவில் வகுத்த சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான நடையில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. கண்புரை, கால் மரத்துப்போதல், கால் தசையின் பலவீனம், எது காரணம் என்று டாக்டர் பார்க்கட்டும்.

மேடைக்குக் கீழே கைப்பிடி வைத்த நாற்காலி போட்டு, மூன்று மீட்டரில் கோடும் கிழித்திருக்கிறோம். பிள்ளைகள் பக்கத்திலேயே நடந்து வாருங்கள், கை தாங்கத் தயாராக. முதலில் வருகிற பெரியவர் யார்?