சுருக்குப் பையில் இருக்கும் ஆபத்து

கேமரன் மலையில் கொழுந்து பறித்த நம் பாட்டிமார் இடுப்பில் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. குளிருக்கு இதம் என்பார்கள். ஆனால் இதை மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. மலேசியாவில் அந்நோயின் வீதம் இந்தியரிடையேதான் அதிகம். "புகையிலையைத்தான் விட்டாச்சே!" என்று சிலர் தெம்பாகச் சொல்வதுண்டு. போதாதுங்க. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த ஆபத்து இருப்பதால்தான் சுகாதார அமைச்சின் பல் மருத்துவர்கள் தோட்டப்புறங்களுக்கே போய் வாயைப் பரிசோதிக்கிறார்கள். வலி கிடையாது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் தெரிந்தால் காட்டிவிடுங்கள். நோய் கண்ட குடும்பங்களுக்கு, 1966இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் துணை நிற்கிறது. வெற்றிலை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.