இடிந்ததை இருந்தபடி கட்டினால் போதுமா?

(ஆரியசாலைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் நமக்கும், மலையில் கொழுந்து பறிக்கும் நம் உறவுகளுக்கும் மழை என்றால் பயம்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர்கள், பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். ஆகவே இன்று நாம் பேசவந்தது நிவாரண அரிசியைப் பற்றி அல்ல. பேரிடருக்குப் பிறகு பள்ளியும் ஆஸ்பத்திரியும் எந்தப் பணத்தில், எந்த விதிப்படி எழும்புகின்றன என்பதைப் பற்றி.

மாநிலப் பேரிடர் நிதியில் ரூபாய்க்கு 75 காசு மத்திய அரசு, 25 காசு கேரள அரசு. 2015–20 காலத்து விதி என்ன சொன்னது? பழுதான ஆரம்பப் பள்ளிக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதே ஒன்றரை லட்சம். அதுவும் உடனடிப் பழுதுபார்ப்புக்கு மட்டும். 2018 வெள்ளம் வந்தபோது இருந்தது இந்த விதிதான். கேரளத்தை மீட்டெடுக்கச் சுமார் 31,000 கோடி வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். ஒன்றரை லட்சத்தில் ஓடு மாற்றலாம். வெள்ளம் ஏறாத உயரத்துக்குத் தரையை உயர்த்த முடியுமா? அடுத்த மழையில் அதே பள்ளி, அதே தண்ணீர்!

முன்னைவிட உறுதியாகக் கட்டவேண்டும் என்று 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவும் ஏற்றது. 15ஆவது நிதிக்குழு 2021–26க்குப் பங்கு பிரித்தது: நூறு ரூபாயில் 40 நிவாரணத்துக்கு, 30 மறுகட்டுமானத்துக்கு, 10 ஆயத்தத்துக்கு, 20 ஆபத்தை முன்கூட்டித் தணிக்க. கதவு திறந்தது, உண்மைதான்.

ஆனால் வயநாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலை 30இல் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தன. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 16 வேலைகளுக்கு 529.50 கோடி அனுமதித்தது. மானியம் அல்ல, 50 வருஷ வட்டியில்லாக் கடன். மார்ச் 31க்குள் செலவழிக்கவேண்டும் என்று நிபந்தனை! ஆறே வாரத்தில் பள்ளி எழும்புமா? கெடு நீண்டது பிறகுதான்.

நாம் கேட்பது மூன்று. மறுகட்டுமானப் பணம் கடனாக அல்ல, மானியமாக வரட்டும். உறுதிப்படுத்தும் செலவும் மதிப்பீட்டிலேயே சேரட்டும். கெடு வைக்கும்போது மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்கட்டும்.

தோழர்களே! வார்டு சபை கூடும்போது நாம் வெளியூர்க்காரர் என்று ஒதுங்கி நிற்கவேண்டாம். அந்தப் பள்ளியில் படிப்பது நம் பிள்ளைகள். மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குவோம். தரை எத்தனை அடி உயரும் என்று கேட்போம். பதில் வரும்வரை உட்காரமாட்டோம்.