இடிப்பதும் உயிரின் வேலையே



கட்டுவதுதான் உயிர், இடிவது சாவு என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நமது சரீரத்திலுள்ள புரோட்டீன் என்னும் வஸ்துவைப் பற்றி விஞ்ஞானிகளே வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் செங்கல் சுவர் போல் பெரும்பாலும் அப்படியே நிற்கும் என்றார்கள். 1930களின் கடைசியில் நியூயார்க்கில் ஷோன்ஹைமர் என்பவர், அடையாளமிட்ட கனத்த நைட்ரஜனை எலிகளின் ஆகாரத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார். எலியின் எடை கூடவில்லை. ஆனால் அந்த நைட்ரஜன் உடலின் புரோட்டீன்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதாவது பழைய செங்கல் ஓயாமல் போகிறது, புதியது வருகிறது.

கட்டுவதற்குச் சக்தி வேண்டும், நியாயம். இடிப்பதற்கு எதற்குச் சக்தி? வயிற்றில் சோறு ஜீரணிக்கும் ரசங்கள் தம் வேலைக்குச் சக்தி கேட்பதில்லையே! ஆனால் உயிரணுவுக்குள் இடிப்பதற்கும் சக்தி செலவாகிறது என்று 1953லேயே தெரிந்துவிட்டது. இது ஏன் என்று விடாமல் கேட்டவர்கள் இஸ்ரேலின் ஹைபா நகரத்து ஹெர்ஷ்கோ, சீக்கனோவர் என்பவர்களும், அமெரிக்காவின் ரோஸ் என்பவரும் ஆவர். 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விடின் என்னும் சிறு புரோட்டீன், கழிக்க வேண்டியதன் மேல் முத்திரையாக ஒட்டப்படுகிறது. முத்திரை விழுந்ததைப் புரோட்டியசோம் என்னும் இயந்திரம் துண்டாக்குகிறது. கண்டபடி இடிக்காமல் பார்த்துப் பொறுக்கி இடிப்பதற்கான கூலியே அந்தச் சக்தி. இதற்கு 2004ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க, உஷ்ணம் ஏறினால் என்ன ஆகும்? புரோட்டீன் தன் மடிப்புக் குலைகிறது. 1962ல் இத்தாலியின் ரிட்டோசா, சூடுபட்ட பழஈயின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்களைக் கண்டு எழுதினார். ஒரு பத்திரிகை, இதில் உயிரியலுக்கு முக்கியமானது எதுவுமில்லை என்று திருப்பி அனுப்பிற்று! அந்தச் சூட்டில் உண்டாகும் புரோட்டீன்களை 1974ல் வேறு சிலர் கண்டார்கள். குலைந்ததைத் திருத்தி மடிக்க உதவுவது அவற்றின் வேலை என்று பின்னர் விளங்கிற்று. திருந்தாததற்குத்தான் முத்திரை.

எதெதற்கு முத்திரை விழுகிறது என்று மொத்தமாகவே இப்போது கணக்கெடுக்கிறார்கள். 2003ல் ஈஸ்டில் மட்டும் 1,075 புரோட்டீன்களைக் கண்டார்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் தேங்கும் கட்டிகளில் இந்த யுபிக்விடினே இருக்கிறது. கழிவு கழியாமல் நின்றதன் அடையாளம் அது. மற்றொரு பக்கம், மைலோமா என்னும் புற்றுநோய் அணு அளவு மீறிப் புரோட்டீன் செய்வது. அதன் புரோட்டியசோமைத் தடுத்தால் தன் குப்பையிலேயே அது மடிகிறது. அந்த மருந்து 2003 முதல் அமெரிக்காவில் வழங்குகிறது.

தோழர்களே! "இடிப்பதற்கு ஏன் செலவு?" என்று ஒரு கேள்வி. அதை அற்பமென்று தள்ளியிருந்தால் இம்மருந்து ஏது? ஆகையால் ஏன் என்று கேட்பவனை உட்கார் என்று அதட்டாதீர்கள். அவன் கேள்விக்கு யாரோ ஒரு நோயாளி காத்திருக்கிறான்.