பொறி எழுதட்டும், பொறுப்பு நம்முடையதே!

(அட்டன் நகரிலே தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு மனு எழுத வேண்டுமானால் கணக்கப்பிள்ளையிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சென்று காத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று லயத்துப் பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்துத் தமிழிலே கேட்கிறாள். இமைப்பொழுதில் மனு வந்துவிடுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் உலகெங்கும் பரவிய செயற்கை நுண்ணறிவு நம் மலைநாட்டையும் எட்டிவிட்டது. சிங்களத்தில் வந்த கடிதத்தின் பொருளை அது தமிழில் சொல்கிறது. மாணவர்க்குக் கணக்கை விளக்குகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். எழுதத் தெரிந்தவர் தயவை நாடி நின்ற மக்களுக்கு இது சிறிய விடுதலையன்று.

ஆயினும், பொறி என்னும் சொல்லுக்கு இயந்திரம் என்றும் பொருளுண்டு. கண்ணி என்றும் பொருளுண்டு.

அண்மையிலே ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், தம் பேரன் இவ்வாறு எழுதுவித்த பணிக்கொடைக் கோரிக்கையோடு நம்மிடம் வந்தார். பிழையற்ற தமிழ், மிடுக்கான நடை. ஆனால் அதிலே காட்டப்பட்டிருந்ததோ 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டொன்றுக்கு 15 நாட் சம்பளம். அது இந்தியாவின் சட்டம்! இலங்கையில் நடைமுறையிலுள்ளது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். மாதச் சம்பளம் பெறாத தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்பதே அதன் விதி. ஒரு நாள் வேறுபாடுதானே என்று நினைக்காதீர்கள். இந்நாட்டில் செல்லாத சட்டத்தைக் காட்டிய மனுவைத் தள்ளிவிட, தள்ள விரும்புவோர்க்கு வேறு சாக்கும் வேண்டுமோ?

இத்தவறு எவ்வாறு நேர்கிறது? இப்பொறி சட்டமறிந்து பேசுவதில்லை. எண்ணற்ற எழுத்துக்களைப் பயின்று, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்தே வாக்கியம் தொடுக்கிறது. தெரியாததையும் தெரிந்ததுபோலவே உரைக்கிறது. தமிழிலே கேட்டால் தமிழ்நாட்டை எண்ணிக்கொள்கிறது போலும்! 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மை இந்நாட்டுக்கு அந்நியராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கிட்டது. இன்று பொறியும் நம்மை அக்கரைக்கு அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

தாளின் வலிமையை நம்மைவிட அறிந்தவர் யார்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8 லட்சம் பேர் குடியுரிமை கோரினர். பதிவு பெற்றவரோ ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. வதிவிடச் சான்றில்லை, திகதி பொருந்தவில்லை என்று குற்றங்கண்டு தள்ளப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை! பிறர் எழுதிய தாளிலே கைநாட்டு வைத்தவரின் பேரப்பிள்ளைகள், பொறி எழுதிய தாளிலே படியாமல் கையொப்பமிடலாகாது.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்றும் சொல்வதற்கில்லை. நம் வழக்கறிஞர் தொழிலிலேயே பார்த்தோம். 2023இல் நியூயோர்க் நீதிமன்றிலே, பொறி புனைந்த இல்லாத தீர்ப்புக்களை எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் பொறிக்கன்று, கையொப்பமிட்டவர்க்கே!

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை சில. இலங்கையின் சட்டம் வேண்டுமென்று குறிப்பிட்டே கேளுங்கள். கிடைத்த விடையைத் தொழிற்சங்கத்திலோ தொழில் அலுவலகத்திலோ சரிபாருங்கள். அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பொறியிடம் கொடாதீர்கள். உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மருந்தின் அளவைப் பொறி சொன்னால், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே தெளியுங்கள். மகனின் குரலிலே பணம் கேட்டு அழைப்பு வந்தால், வைத்துவிட்டு மகனை நீங்களே அழையுங்கள். குரலையும் இன்று போலியாக்கலாம்.

இறுதியாக அரசுக்கும் ஒரு சொல். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மொழிபெயர்க்கப் பொறி இருக்கிறது, தமிழறிந்த உத்தியோகத்தர் எதற்கு என்று எந்த அலுவலகமும் நாளை கூறுமாயின், அதனை நாம் ஏற்கமாட்டோம். மண்சரிவு எச்சரிக்கையிலே ஒரு சொல் பிறழ்ந்தால் போவது உயிர். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையின் லயங்களை மூடிய மண்ணை நாம் மறந்துவிடவில்லை. பொறி உதவட்டும், ஆனால் தவறினால் பதில் சொல்ல, தமிழறிந்த மனிதர் ஒருவர் அங்கே இருந்தே ஆகவேண்டும். அது சலுகையன்று, நம் உரிமை!