ஆரம்பப் பாடசாலையில் உளவளத்துணையாளர்

பாடசாலைகளில் இக்காலத்தே நடைபெறும் உளவளத்துணை என்னும் பணி இலங்கைத் தமிழில் ஒரே பெயரால் நிலைபெற்றதன்று. ஆலோசனை என்பார் சிலர். சீர்மியம் என்பார் சிலர். வழிகாட்டல் என்பார் வேறு சிலர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஆலோசனை என்ற சொல்லைக் கேட்டவுடன், அறிந்தவர் ஒருவர் அறியாதவருக்குப் புத்தி கூறும் காட்சியே மனத்தில் எழுகின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புத்தி கூறுவோருக்கு இந்நாட்டில் என்றும் குறைவு இருந்ததில்லை. தாய் கூறுகிறாள், அம்மம்மா கூறுகிறார், வகுப்பாசிரியர் கூறுகிறார், கடைக்குப் போனால் கடைக்காரரும் கூறுகிறார். அப்பிள்ளைக்குக் கிடைத்தற்கரியவர், தன் பேச்சைக் குறுக்கிடாது கேட்கும் ஒருவரே. ஆதலின் 'துணை' என்னும் சொல்லே இப்பணியின் இயல்பை நன்கு உணர்த்துவதாகும்.

இலங்கையில் ஆரம்பப் பாடசாலை என்பது முதலாந் தரம் தொடக்கம் ஐந்தாந் தரம் வரையுள்ள பகுதி. ஐந்து வயதில் உள்ளே புகும் பிள்ளை பத்து வயதில் அதனை முடித்து வெளியேறுகின்றது. இவ்வயதினர் தம் துன்பத்தைப் பெயரிட்டுச் சொல்ல அறியார். "எனக்கு மனக்கவலை" என்று இரண்டாந் தரப் பிள்ளை வந்து முறையிடுவதில்லை. வயிறு நோகிறது என்று சொல்லும். தலையிடிக்கிறது என்று சொல்லும். திங்கட்கிழமை காலையில் நோகும் வயிறு சனிக்கிழமை நோகாதாயின், அதனைக் கள்ள நோ என்று பழிப்பது எளிது. நோ மெய்யானதே, அதன் வேர் வயிற்றில் இல்லை என்பதுதான் அறியவேண்டியது. எனினும் வைத்தியர் உடலைப் பார்த்த பின்னரே மனத்தை ஆராயப் புகுதல் முறை. கரும்பலகையின் எழுத்துத் தெளிவாகத் தெரியாத கண்ணும், ஒரு பக்கம் மந்தமான காதும், 'படிப்பில் ஊக்கமில்லாத பிள்ளை' என்ற பெயரை எத்தனையோ பேருக்குத் தேடிக் கொடுத்திருக்கின்றன.

இத்துறை தோன்றிய வரலாறும் பாடசாலையோடு தொடர்புடையதே. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைற்னர் விற்மர் என்பார் உளவியற் சிகிச்சை நிலையமொன்றை ஏற்படுத்தியபோது, முதன்முதல் அவரிடம் கொண்டுவரப்பட்டவன் எழுத்துக்கூட்டி எழுத இயலாத ஒரு மாணவன். அவனை அழைத்துச் சென்றவர் ஓர் ஆசிரியை. பின்னர் 1947இல் வேர்ஜீனியா அக்ஸ்லைன் என்னும் அம்மையார் விளையாட்டின் வழியே பிள்ளைகளின் உளத்துயரைத் தணிக்கும் முறைபற்றி நூல் எழுதினார். விளையாட்டிற் பிள்ளையே முன்செல்ல வேண்டும், பெரியவர் பின்செல்ல வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. பெரியவர்களுக்கு இதைவிடக் கடினமான காரியம் வேறொன்றில்லை எனலாம்.

இதற்கு விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் வேண்டுமென்பதில்லை. ஒரு தட்டில் மணல், சிறிது களிமண், புளியங்கொட்டை, சிரட்டை, பழந்துணியிற் செய்த பாவைகள், வெள்ளைத்தாளும் நிறப்பென்சிலும் போதியன. தன் வாயாற் சொல்லாததைப் பிள்ளை பாவையின் வாயாற் சொல்லும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குறுகிய காலப் பயிற்சி பெற்றோர் சிலர், பிள்ளை வரைந்த படத்தைக் கையில் எடுத்தவுடனே தீர்ப்புக் கூறத் தொடங்குகின்றனர். கறுப்பு நிறத்தால் வீடு வரைந்த பிள்ளை துயருற்ற பிள்ளை என்று முடிவு செய்வது சோதிடமேயன்றி உளவியலன்று. அன்றைக்கு அதனிடம் வேறு நிறப்பென்சில் இல்லாதிருக்கவும் கூடும். படம் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு வாயில், அவ்வளவே.

வகுப்பிலே குழப்பம் செய்யும் பிள்ளையைத் துணையாளர் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் யாராவது ஒருவர் அப்பிள்ளையைக் கையிற் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவர். தேடிக் காணவேண்டியது அமைதியான பிள்ளையை. கடைசி வாங்கில் இருந்து, கொப்பியைச் சுத்தமாக வைத்து, ஒருவருக்கும் தொல்லை கொடாத பிள்ளைக்கு ஆண்டிறுதி அறிக்கையில் 'நற்பண்புடையவர்' என்று எழுதப்படுகின்றது. அந்த அமைதி சில வேளைகளில் இயல்பானது. சில வேளைகளில் அச்சத்தின் உறைவு. வீட்டில் ஓயாது பேசி, பாடசாலைப் படலையைக் கடந்தவுடன் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளும் உளர். வேண்டுமென்றே வாய்திறவாத பிடிவாதம் என்று இது முன்னாளிற் கருதப்பட்டது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப்பாகுபாட்டு நூல் இதனைப் பதகளிப்பு நோய்களின் வரிசையிற் சேர்த்தது. இத்தகைய பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி, "ஒரு சொல் சொல், இனிப்புத் தருகிறேன்" என்பது அச்சத்தைப் பெருக்குவதாகும். முதலில் தலையசைப்பு, பின் ஒரு தோழியின் காதிற் கிசுகிசுப்பு, பின் இருவரோடு மெல்லிய பேச்சு எனப் படிப்படியாகவே குரல் திரும்பும். அதற்கு மாதங்கள் பல செல்லும்.

வடகிழக்கின் பிள்ளைகளுக்கு இவ்வமைதியின் பொருள் வேறொரு விதத்திலும் ஆழமானது. பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரைக் கொண்டு அங்கே 420 பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அவர்களுள் 92 சதவீதத்தினர் போரின் கொடுமைகளை நேரிற் கண்டோ அனுபவித்தோ இருந்தனர். நாலில் ஒருவருக்கு அதன் விளைவான நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. போர் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. இன்று ஆரம்ப வகுப்புகளில் இருப்போர் அதன் பின்னர் பிறந்தவர்கள். ஆயினும் அன்று பிள்ளைகளாயிருந்தோர் பலர் இன்று பெற்றாராயுள்ளனர். வாணவெடி கேட்டுத் திடுக்கிட்டு எழும் தந்தையைப் பார்த்து வளரும் பிள்ளை, காரணம் அறியாமலே அத்திடுக்கத்தைக் கற்றுக்கொள்கின்றது. இன்னொரு பக்கம், தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப்பணிக்குச் சென்றிருக்க, பேத்தியை வளர்க்கும் அம்மம்மா பெற்றார் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருப்பார். துணையாளர் பேசவேண்டிய முதல் ஆள் சில வேளைகளில் பிள்ளையல்ல, அந்த அம்மம்மாவே.

ஐந்தாந் தரத்தில் நிலைமை மாறுகின்றது. புலமைப்பரிசில் பரீட்சை, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் நல்ல பாடசாலைகளிற் கற்க வழிதிறந்த ஏற்பாடு; அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. இன்றோ பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் ரியூசனுக்கும், அது விட்டதும் மாதிரி வினாத்தாளுக்கும் ஓடுகின்றது. பெறுபேறு வெளியாகும் நாளில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையோடு வீட்டார் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதும் உண்டு. துணையாளர் பரீட்சையை நிறுத்த வல்லவரல்லர். ஆனால் பெறுபேற்றுக்கு முன்னரே பெற்றாரை அழைத்து, அன்று மாலை பிள்ளையிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டு வைக்கலாம்.

பணியில் மிகவும் இடர்ப்பாடானது, பிரம்பும் துணையும் ஒரே கையில் இருப்பதாகும். பாடசாலைகளில் உடல்வழித் தண்டனையைத் தடைசெய்து கல்வியமைச்சு 2005இல் சுற்றறிக்கை வெளியிட்டது. பிரம்பு எல்லா வகுப்பறைகளையும் விட்டு நீங்கிவிட்டது என்று சொல்வார் யாருமில்லை. காலை எட்டு மணிக்குக் கணக்குப் பிழைத்ததற்கு ஏசிய ஆசிரியரே பத்து மணிக்குத் துணையாளராய் அமர்ந்து, "என்னம்மா கவலை?" என்று கேட்டால் பிள்ளை எதைச் சொல்லும்? "குழப்படி செய்தால் அவரிடம் அனுப்பிவிடுவேன்" என்று வேறு ஆசிரியர்கள் பயமுறுத்தும் இடத்தில் அவருடைய அறை தண்டனைக்கூடமாகவே எண்ணப்படும். இப்பணியை ஏற்பவருக்கு ஒழுக்காற்றுப் பொறுப்பு எதனையும் கொடாதிருப்பது அதிபரின் கடமை.

இரகசியம் பேணுவதற்கும் எல்லையுண்டு. "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்களித்தல் தவறு. யாராவது உன்னை நோகச் செய்தால், உன்னைக் காக்கக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன் என்று முதல் நாளிலேயே தெளிவாக்க வேண்டும். துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை வாய்திறந்தால், "மாமாவா அப்படிச் செய்தார்?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டலாகாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தலும் கூடாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் அறிவிக்கலாம். பாடசாலையின் நற்பெயர் கருதி விடயத்தை உள்ளுக்குள் முடித்துக்கொள்வோம் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்திலேதான் எழும். அப்போது துணையாளர் அதிபருக்கு எதிரே தனித்து நிற்க நேரிடலாம்.

தனி அறை இல்லாத சிறு பாடசாலைகளில் வேப்பமர நிழலிலே போட்ட ஒரு வாங்கும் போதும். மற்றவர்கள் பார்க்கக்கூடிய, ஆனால் கேட்க முடியாத தூரத்தில் அது இருக்கவேண்டும். வாரத்தில் இரு நாளாவது அதே நேரத்தில் துணையாளர் அங்கே இருத்தல் வேண்டும். முதல் சில வாரங்களில் ஒருவரும் வராதிருக்கலாம். பின்னர் ஒரு நாள், பென்சில் கூராக்கித் தருமாறு கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும்.